தட்டில் எத்தனை கிராம் பயறு? பாரம்பரியப் பருப்பு, பயறு உணவுகளின் சத்தை முழுதாகப் பெற ஒரு வழிகாட்டி

பருப்பிலும் பயறிலும் புரதம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தினமும் பருப்பு வேகிற வீட்டில்கூட ஒருவருக்கு அதிலிருந்து ஒரு வேளைக்குக் கிடைக்கிற புரதம் பல நேரம் 3, 4 கிராமைத் தாண்டுவதில்லை என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். குழம்பு கெட்டியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் அந்தக் கெட்டிக்குக் காரணம் மாவோ காய்கறியோ தேங்காயோ ஆக இருக்கும்.

எந்தப் பயறு உசத்தி என்று தேடுவதைவிட, ஒரு வேளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது, எப்படிப் பக்குவப்படுத்தப்படுகிறது, எதோடு சேர்கிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும். பழைய சமையல் முறைகள் இந்த மூன்றிலும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. சிலவற்றில் எச்சரிக்கையும் வேண்டும், அதையும் சொல்கிறேன்.

படி 1: இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

சமையலறைத் தராசு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே கோப்பையை எப்போதும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 250 மில்லி கொள்ளும் கோப்பையில் காய்ந்த பருப்பு சுமார் 200 கிராம் பிடிக்கும். குக்கரில் போடுவதற்கு முன் அளந்துவிட்டு, அது எத்தனை பேருக்கு, எத்தனை வேளைக்கு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு: அரைக் கோப்பை, அதாவது 100 கிராம் பருப்பு. நான்கு பேர், இரண்டு வேளை. தலைக்கு, வேளைக்கு 12.5 கிராம். காய்ந்த பருப்பில் நூற்றுக்கு 22 முதல் 24 கிராம் புரதம் என்றால், ஒரு வேளைக்குக் கிடைப்பது 3 கிராம் புரதம்.

தேவை எவ்வளவு? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சொல்கிற பாதுகாப்பான அளவு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். முட்டை, மீன், இறைச்சி, பால் எல்லாம் நிறையச் சாப்பிடுகிறவருக்கு அந்த 3 கிராம் ஒரு பொருட்டல்ல. இவை குறைவாக உள்ள உணவுமுறையில் அது பெரிய ஓட்டை.

நான் சொல்கிற இலக்கு எளிது: ஒரு நாளைக்கு ஒருவருக்கு 50 முதல் 60 கிராம் காய்ந்த பயறு. வெந்தால் அது ஏறக்குறைய இரண்டரை மடங்காகி ஒரு சிறு கிண்ணம் நிறைய வரும். அதில் 11 முதல் 14 கிராம் புரதம், முழுப்பயறாக இருந்தால் 6 முதல் 9 கிராம் நார்ச்சத்து. நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிற பொதுவான பரிந்துரையில் இதுவே கால்வாசிக்கு மேல்.

படி 2: எந்தப் பயறு, எந்த வடிவில்

கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மைசூர் பருப்பு, ராஜ்மா, தட்டைப்பயறு, உளுந்து, மொச்சை எல்லாவற்றிலும் புரத அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். காய்ந்த நிலையில் நூற்றுக்கு 20 முதல் 25 கிராம், வெந்தபின் 7 முதல் 9 கிராம். இதில் விலகி நிற்பது சோயா: காய்ந்த நிலையில் சுமார் 36 கிராம். நிலக்கடலையும் பயறு இனம்தான், ஆனால் பாதி எடை எண்ணெய் என்பதால் அதைக் கொட்டைகளோடு வைத்துக் கணக்கிடுவதே சரி.

வித்தியாசம் அதிகம் தெரிவது தோலில். தோலோடு இருக்கிற முழுப்பயறில் நார்ச்சத்து அதிகம், நிறம் தருகிற பாலிஃபீனால்களும் அங்கேதான் இருக்கின்றன. தோல் நீக்கி உடைத்த பருப்பில் இவை குறையும். ஆனால் சீக்கிரம் வேகும், எளிதில் செரிக்கும், குழந்தைக்கும் நோயாளிக்கும் அதுதான் ஒத்துக்கொள்ளும். ஆகவே இரண்டும் வேண்டும். வாரத்தில் பாதி நாள் முழுப்பயறு, பாதி நாள் உடைத்த பருப்பு என்று வைத்துக்கொண்டால் போதும்.

பலர் புரதத்தையே பேசிப் பேசி ஃபோலேட்டை மறந்துவிடுகிறார்கள். கருவுற்ற தொடக்க வாரங்களில் குழந்தையின் நரம்புக் குழாய் சரியாக உருவாக இந்த பி வைட்டமின் அவசியம். வெந்த மைசூர் பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு சுமார் 180 மைக்ரோகிராம், கொண்டைக்கடலையில் 170, பாசிப்பயறில் 160. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சொல்லப்படும் 400 மைக்ரோகிராமில் ஒரு கிண்ணமே பாதியைத் தந்துவிடும். (கர்ப்பிணிகள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவர்களுக்கான தேவை கூடுதல்.)

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நெஞ்சு வேகாது. அதில் உங்கள் சமையலின் தப்பு எதுவும் இல்லை. சிறிய அளவில் வாங்கி, காற்றுப் புகாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

படி 3: ஊறவைத்தல்

உடைத்த பருப்புக்கு ஊறல் கட்டாயமில்லை, அரை மணி நேரம் போதும். முழுப் பாசிப்பயறு, தட்டைப்பயறுக்கு 4 முதல் 6 மணி நேரம். கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சைக்கு 8 முதல் 12 மணி நேரம். வெயில் காலத்தில் இரவெல்லாம் வெளியே வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டலாமா? இதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பதில் உண்டு. கொட்டினால் வாயுவை உண்டாக்குகிற சர்க்கரைகளில் ஒரு பகுதி போகும், கூடவே கொஞ்சம் தாதுவும் பி வைட்டமினும் போகும். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளுக்குக் கொட்டியே ஆக வேண்டும், காரணம் அடுத்த படியில். பாசிப்பயறுக்கு அது உங்கள் வயிற்றைப் பொறுத்தது. ஆனால் வேகவைத்த தண்ணீர் வேறு விஷயம். ஃபோலேட் நீரில் கரைகிறது, அதைக் கொட்டினால் சத்தைக் கொட்டுவதாகும். ரசமாகவோ சூப்பாகவோ அதை உணவிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஊறும் தண்ணீரில் சிறிது உப்பு போட்டால் தோல் மிருதுவாகும். ஆப்ப சோடா போட்டாலும் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 வைட்டமினான தையமின் அதில் அழியும். தண்ணீர் மிகக் கடினமான ஊரில் வேறு வழியே இல்லையென்றால் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம்.

படி 4: வேகவைத்தல், இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது

ராஜ்மாவில், முக்கியமாகச் சிவப்பு ராஜ்மாவில், ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் (ஒரு வகை நச்சுப் புரதம்) அதிகம். சரியாக வேகாத நான்கைந்து விதைகளே சிலருக்குக் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் தொடங்கும். ஊறவைக்காமல், கொதிக்காத சூட்டில் மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பாத்திரத்தில் நேராகப் போடுவதுதான் பெரிய தவறு. 80 டிகிரி சூட்டில் அந்த நஞ்சு அழியாது, சில நேரம் பச்சை விதையைவிட அதன் வீரியம் கூடிவிடவும் செய்யும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவையுங்கள், தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன்பின் மெதுவாக வேகட்டும். பிரஷர் குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதால் இந்தப் பிரச்சினை இல்லை. டின்னில் வருகிற பயறு ஏற்கெனவே நன்றாக வெந்ததுதான். அதில் உப்பு கூடுதலாக இருக்கும், வடித்துக் கழுவினால் சோடியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும்.

புளி, தக்காளி, எலுமிச்சை மூன்றையும் பயறு வெந்தபிறகே சேர்க்க வேண்டும். அமிலம் பட்டால் விதையின் செல்களைப் பிடித்துவைத்திருக்கிற பெக்டின் கரையாது, பயறு விறைப்பாகவே நிற்கும். பருப்பைத் தனியாக வேகவைத்து, புளிக்கரைசலை அப்புறம் ஊற்றுகிற பழக்கத்துக்கு வேதியியல் காரணம் இதுதான்.

எந்த அளவு குழைய வேண்டும் என்பதும் சத்தோடு தொடர்புடையதே. பயறின் மாவுச்சத்து செல் சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பதால் மெதுவாகச் செரித்து, ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது. ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டை 1981இல் முன்வைத்த டொரண்டோ பல்கலைக்கழகத்து டேவிட் ஜென்கின்ஸின் குழு, பயறுகள் அந்தப் பட்டியலில் தாழ்ந்து நிற்பதைக் காட்டியது. காலையில் பயறு சாப்பிட்டவர்களுக்கு மதிய உணவுக்குப் பிறகும் சர்க்கரை ஏற்றம் குறைவாக இருந்ததையும் அடுத்த ஆண்டே பதிவு செய்தது. மையாக அரைத்து, மாவாக்கிச் சாப்பிட்டால் அந்தச் செல் சுவர் உடைந்து பலன் கொஞ்சம் குறையும். ஆகவே சர்க்கரை நோய் உள்ளவருக்கு முழுதாக வெந்து, விரலால் அழுத்தினால் நசுங்குகிற பதம் போதும். வெந்ததைக் குளிரவைத்துச் சாப்பிட்டால், செரிக்காமல் குடலுக்குப் போகிற மாவுச்சத்து இன்னும் சற்றுக் கூடும். கொண்டைக்கடலை சாலட்டுக்கு அந்த ஒரு நன்மை உண்டு.

படி 5: தானியத்தோடு சேர்ப்பது

தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. அமினோ அமிலம் என்ற சொல்லே இல்லாத காலத்திலேயே பல கண்டங்களில் மக்கள் இந்தச் சேர்க்கையைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். நடு அமெரிக்காவில் மக்காச்சோளமும் பீன்ஸும், கோஸ்டாரிகாவின் காயோ பின்டோவில் அரிசியும் கறுப்பு பீன்ஸும், அரபு நாடுகளின் முஜத்தராவில் அரிசியும் மைசூர் பருப்பும், கானாவின் வாச்சேயில் அரிசியும் தட்டைப்பயறும், எத்தியோப்பியாவில் இஞ்செரா என்ற புளித்த தானிய அப்பத்தோடு ஷிரோ என்ற பயறு மாவுக் குழம்பு, நம் பக்கத்துப் பொங்கலும் கிச்சடியும். கொண்டைக்கடலையை அரைத்துச் செய்கிற ஹம்முஸில் தானியத்துக்குப் பதில் எள் விழுது. எள்ளில் மெத்தியோனின் அதிகம், அதனால் அதுவும் பொருத்தமான ஜோடிதான்.

ஒரே வாயில், ஒரே தட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நாளுக்குள் இரண்டும் வந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும்.

விகிதம்தான் முக்கியம். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு என்பது எளிதாக நினைவில் வைக்கக்கூடிய அளவு. பல உணவுகள் இதற்குக் கீழே போய்விடுகின்றன. 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து போட்ட இட்லி மாவில் பயறு ஐந்தில் ஒரு பங்குதான். நான்கு இட்லியில் 15 கிராம் உளுந்து இருந்தால் அதிகம். இட்லி நல்ல உணவுதான், பயறு உணவு என்று நினைத்து அதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம். பருப்பு பாதிக்குப் பாதி சேர்கிற அடையோ, தட்டைப்பயறை அரைத்து ஆவியில் வேகவைக்கிற நைஜீரியாவின் மொய் மொய்யோ புரதத்தில் அதைத் தாண்டிவிடும். அதே மாவை எண்ணெயில் பொரித்தால் புரதம் அப்படியே இருக்கும், ஆனால் எண்ணெய் குடித்துக் கலோரி ஏறிவிடும். வடையும் ஃபலாஃபெலும் அகராவும் விருந்துக்குச் சரி.

படி 6: புளிக்கவைத்தலும் முளைகட்டுதலும்

பயறில் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாமல் தடுப்பது அது. புளிப்பும் முளையும் அந்தப் பைட்டேட்டை உடைக்கிற நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. இட்லி மாவில் லியூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவைப் பொங்கவைத்துப் புளிக்கவைக்கின்றன. இந்தோனேசியாவின் டெம்பேயில் ரைசோபஸ் என்ற பூஞ்சை வெந்த சோயாவை ஓர் இறுகிய கட்டியாகப் பிணைக்கிறது. ஜப்பானின் புளித்த சோயாவான நாட்டோவில் பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியா வேலை செய்து, கே2 வைட்டமினையும் நிறைய உண்டாக்குகிறது. நாட்டோவின் வாசனையும் இழுபடுகிற பதமும் எல்லோருக்கும் பிடிக்காது. வற்புறுத்திச் சாப்பிட வேண்டிய அளவுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை.

முளைகட்ட: ஊறிய பாசிப்பயறை வடித்து, ஈரத்துணியில் கட்டி, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவி வடித்தால், வெப்பமான இடத்தில் ஒரு நாளில் சிறு முளை வரும். காய்ந்த பயறில் கிட்டத்தட்ட இல்லாத சி வைட்டமின் முளையில் உருவாகிறது. ஆனால் முளைத்த பயறு நீர் ஏறியது என்பதால் 100 கிராம் முளையில் புரதம் குறைவாகத்தான் இருக்கும். முளைகட்டினால் புரதம் பல மடங்கு பெருகும் என்று சொல்வது சரியல்ல.

முளையைப் பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்த சூழல்தான். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையோடு தொடர்புடைய ஈ.கோலை தொற்றில் 3,800 பேருக்கு மேல் நோயுற்று, 50க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளையை வேகவைத்தே சாப்பிட வேண்டும். மற்றவர்களும் ஆவியில் நன்றாகச் சூடேற்றிச் சாப்பிடுவது நல்லது. சி வைட்டமினில் கொஞ்சம் போனால் போகட்டும்.

படி 7: இரும்பைச் சேர்த்து உறிஞ்சவைப்பது

ஒரு கிண்ணம் வெந்த மைசூர் பருப்பில் சுமார் 4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆனால் தாவர இரும்பை உடல் சிறு பகுதியாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பகுதியைக் கூட்டுவது சி வைட்டமின். இறக்கியபின் பிழிகிற எலுமிச்சை, பச்சைக் கொத்தமல்லி, பக்கத்தில் ஒரு தக்காளி சாலட் அல்லது சாப்பிட்டதும் ஒரு கொய்யா போதும். எகிப்தின் ஃபூல் (ஃபாவா பீன்ஸ் என்ற பெரிய அவரை விதையில் செய்வது), ஹம்முஸ் இரண்டிலும் எலுமிச்சை இருப்பது ருசிக்காகத்தான் வந்திருக்கும், சத்துக்கும் உதவுகிறது.

குறைப்பது டீயும் காபியும். சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு, இருக்கிற உணவிலேயே இரும்பைக் கூட்டிக்கொள்ள இதைவிடச் செலவில்லாத வழி இல்லை.

எந்தப் பயறும் பி12 தராது. முழு சைவமாக, பாலும் இல்லாமல் சாப்பிடுகிறவர் அதை வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும்.

படி 8: வயிற்றைப் பழக்குவது

ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்கிற நொதி மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன, வாயு வருகிறது. இது நோய் அல்ல, அந்த பாக்டீரியாக்கள் வளர்வது நல்லதும்கூட. ஆனால் வாரம் ஒருமுறை சுண்டல் சாப்பிட்டவர் திடீரென்று தினமும் ஒரு கிண்ணம் என்று தொடங்கினால் தொந்தரவுதான் மிஞ்சும்.

முதல் வாரம் நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி, அடுத்த வாரம் நாலு என்று ஏற்றுங்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தொடங்கி, தட்டைப்பயறு, அப்புறம் கொண்டைக்கடலை, கடைசியில் ராஜ்மா. ஊறிய தண்ணீரை மாற்றுங்கள், நன்றாக வேகவிடுங்கள், தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள். பெருங்காயம், சீரகம், இஞ்சி சேர்ப்பது பழைய வழக்கம், தாராளமாகத் தொடரலாம்.

படி 9: யார் கவனமாக இருக்க வேண்டும்

சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம் மூன்றையும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியின் அளவு அவர்களுக்கானது அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் நாட்டோவைத் தவிர்க்க வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா பீன்ஸ் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். யூரிக் அமிலம் கூடியவர்கள் பருப்பைத் தொடவே பயப்படுகிறார்கள். பெரிய ஆய்வுகளில் பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறுகிற பொருள்) கூடிய காய்கறிகளும் பயறுகளும் யூரிக் அமிலக் கீல்வாத ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை, இறைச்சியும் மதுவும்தான் கூட்டின. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு மசித்த பருப்பு கொடுக்கலாம், முழுக் கடலை மூச்சுக்குழாயில் அடைக்கும்.

கேசரிப் பருப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். வறட்சியிலும் விளைகிற இந்தப் பயறில் நரம்பைத் தாக்குகிற ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. எப்போதாவது சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் அதுவே முக்கிய உணவானால் கால்கள் நிரந்தரமாக முடங்கும். இரண்டாம் உலகப்போரில் ருமேனிய அதிகாரிகள் நடத்திய வாப்னியார்கா முகாமில் கைதிகளுக்கு இதையே கொடுத்ததில் நூற்றுக்கணக்கானோர் நடக்க முடியாமல் போனார்கள். ஒரே பயறைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றிமாற்றிச் சாப்பிடுவது இதனாலும் நல்லது.

படி 10: வாரத்துக்கு ஒரு திட்டம்

தினமும் ஊறவைத்து வேகவைக்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. வார இறுதியில் இரண்டு வகை முழுப்பயறை, தலா 300 கிராம் ஊறவைத்து வேகவையுங்கள். ஆறியதும் ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து, நாலு நாளைக்குள் தீர்வதைக் குளிர்சாதனப் பெட்டியிலும் மீதியை உறைபெட்டியிலும் வையுங்கள். உறைந்த பயறு சில மாதங்கள் வரை நன்றாக இருக்கும். வெந்த தண்ணீரையும் கூடவே ஊற்றி வைத்தால் உலராது.

மூன்று நாள் இந்த முழுப்பயறு: ஒருநாள் தாளித்து, ஒருநாள் தானியத்தோடு சாதமாக, ஒருநாள் காய்கறியும் எலுமிச்சையும் போட்டுச் சாலட்டாக. மூன்று நாள் உடைத்த பருப்பு, ஒருவருக்கு 50 கிராமுக்குக் குறையாத கெட்டிக் குழம்பாக. ஒருநாள் புளித்த மாவு, பருப்பைக் கூட்டிப் போட்டு. குழம்பு நீர்த்துவிட்டால் தண்ணீரைக் குறைப்பதற்குப் பதில் பருப்பைக் கூட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து படி 1இல் செய்த அதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். தலைக்கு 50 கிராம் வரவில்லையென்றால், எந்த வேளையில் பயறே இல்லை என்று தேடுங்கள். பெரும்பாலும் அது காலை உணவாக இருக்கும்.